கூடி இழுத்த தேர்: விக்ரம் சாராபாய்

நம் ஊர்த் தேரோட்டத்தைக் காணாதவர் நம்மில் எவரும் இரார். வடம் பிடிப்போர் பல நூறு பேர். பின்னாலிருந்து நெம்பித் தள்ளுவோர் சிலர். உருளும் சக்கரத்தின் அருகிலேயே நடந்து, வேண்டிய நேரத்தில் முட்டுக்கட்டை போடுவோர் இன்னும் சிலர். தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பின், இதை இழுத்தவர் யார் என்று கேட்டால் எந்த ஒருவரின் பெயரையும் சொல்ல முடியாது. ஆனால் கூட்டம் கூடிவிட்டால் மட்டும் தேர் ஓடிவிடுவதில்லை. முட்டுக்கட்டை போடுபவர் தம் வேலையை மறந்தால் வடம் பிடித்தவர் பலமெல்லாம் வீண். தேர் வீட்டுத் திண்ணையில் போய் முட்டி நிற்கும்.

இந்த உண்மையை நான் உணர்ந்தது தேரடியில் அன்று; இயற்பியல் செய்முறைக் கூடத்தில். எங்கள் குழுவில் நால்வர். ஒருவர் நிறமாலைமானியைச் சரிசெய்து அளவுகளை எடுப்பார். மற்ற மூவரும் அவர் சொல்வதை ஏட்டில் எழுதிக்கொள்வோம். ஆண்டு முழுவதும் எங்கள் பதிவேடுகளில் பிழை இல்லை. ஒரு நாள் அந்த நண்பர் காய்ச்சலால் வரவில்லை. மூவரும் கருவியின் முன் ஒரு மணி நேரம் திகைத்து நின்றோம். நாங்கள் நால்வராக இருந்தோமே தவிர ஒரு குழுவாக இருக்கவில்லை என்பது அன்றுதான் விளங்கிற்று. அந்த வெட்கமே, குழுக்களை உருவாக்குவதையே தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்ட ஒரு பெரியவரின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியது. அவர்தாம் இந்திய விண்வெளி ஆராய்ச்சியின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் விக்ரம் சாராபாய்.

இரு அணிகள் இருந்த இல்லம்

விக்ரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் அகமதாபாத் நகரில் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய், பெரும் நெசவாலை அதிபர். தாயார் சரளாதேவி. மக்கள் எண்மர். அவர்களுக்காகத் தம் மாளிகையிலேயே, மாண்டிசோரி அம்மையாரின் முறையைத் தழுவி ஒரு பள்ளியை நடத்தினார் அன்னையார். குழந்தை தானே கண்டறிய வேண்டும், ஆசிரியர் அருகிலிருந்து துணை செய்ய வேண்டும் என்பது அம்முறையின் உயிர். பிற்காலத்தில் விக்ரம் தம் கீழ்ப் பணியாற்றியோரை நடத்திய விதத்தைக் காணும்போது, அந்த வீட்டுப் பள்ளியை எண்ணாமல் இருக்க இயலவில்லை.

அக்குடும்பத்தின் மற்றொரு சிறப்பையும் இங்குச் சொல்ல வேண்டும். விக்ரம் பிறப்பதற்கு முந்திய ஆண்டு, 1918இல், அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அண்ணல் காந்தியடிகள் அதற்குத் தலைமை ஏற்று உண்ணாநோன்பும் இருந்தார். ஆலை முதலாளிகளின் பக்கம் முன்னின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் காந்தியடிகளுக்குத் துணை நின்றவர் அம்பாலாலின் உடன்பிறந்த தமக்கை அனசூயா அம்மையார்! தொழிலாளர் கேட்ட 35 விழுக்காட்டை ஒட்டி வழக்கு நடுவர் தீர்ப்பால் முடிந்தது. 1920இல் அனசூயா அம்மையாரை முன்னிறுத்தி ஆலைத் தொழிலாளர் சங்கம் தோன்றி நிலைபெற்றது. முதலாளியும் தொழிலாளர் தலைவியும் ஒரே குடும்பத்தினர். கருத்தில் மோதினர், ஆயினும் உறவு அறவில்லை. மாறுபாடு வேறு, பகை வேறு என்ற பாடம் விக்ரமுக்குத் தொட்டிலிலேயே கிடைத்தது எனலாம்.

விஞ்ஞானியும் நிறுவனங்களும்

குஜராத் கல்லூரியில் பயின்ற பின் இங்கிலாந்து சென்ற விக்ரம், 1940இல் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியலில் தேர்ச்சி பெற்றார். உலகப் போர் மூண்டிருந்தமையால் தாயகம் திரும்பி, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. இராமன் அவர்களிடம் அண்டக் கதிர்கள் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். ஹோமி பாபாவுடன் நட்புக் கொண்டதும் அங்கேதான். 1942இல் நாட்டிய மேதை மிருணாளினியை மணந்தார். போர் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

திரும்பி வந்தபோது அவருக்கு வயது 28. அவ்வாண்டு நவம்பரில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். ஒரு கல்லூரியில் கிடைத்த சில அறைகளே அதன் முதல் இருப்பிடம். பணமும் செல்வாக்கும் உடைய குடும்பத்து இளைஞர். நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. இயக்குநர் நாற்காலியில் தாமே அமர்ந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, இராமனிடம் ஆராய்ச்சி செய்து, வானிலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பேராசிரியர் கே. ஆர். இராமநாதனை அழைத்து வந்து முதல் இயக்குநராக அமர்த்தினார். தம்மினும் ஏறத்தாழ 26 ஆண்டு மூத்தவரின் தலைமையில் தாம் ஒரு பேராசிரியராக உழைத்தார். குழுவைத் தொடங்குபவனே அதன் தலைவனாக இருக்க வேண்டும் என்பதில்லை என்பது அவர் நமக்குக் காட்டும் முதற் பாடம்.

அதே காலத்தில் மற்றொரு பணியும் அவரிடம் வந்தது. அகமதாபாத் நெசவாலைகள் ஒன்றுசேர்ந்து 'அட்டிரா' என்னும் ஆராய்ச்சிக் கழகத்தை அமைத்தன. அதன் மதிப்பியல் இயக்குநராக 1956 வரை இருந்தார் சாராபாய். நெசவுத் தொழில்நுட்பம் அவர் படித்ததன்று. அவர் சேர்த்துக்கொண்ட இளைஞர்களிலும் பலருக்கு ஆலை அனுபவம் இல்லை. நாற்பது ஆண்டு தறியோடு பழகிய ஆலைக்காரர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றியதில் வியப்பில்லை. பழக்கத்திற்கு அடிமைப்படாத கண்களே பழைய வேலையில் புதியதைக் காணும் என்று சாராபாய் நம்பினார்.

இன்னொரு புதுமையும் செய்தார். நூலையும் பஞ்சையும் ஆராயும் கழகத்தில் மனிதரை ஆராயவும் ஒரு பிரிவு வேண்டும் என்றார். கமலா சௌத்ரி என்னும் உளவியல் அறிஞரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். எந்திரம் நன்றாக இருந்தும் துணி நன்றாக வராவிட்டால், குறை மனிதர்கள் சேர்ந்து வேலை செய்யும் முறையில் இருக்கலாம் அல்லவா?

தறிக்கூடம் தந்த பாடம்

இதற்குச் சான்றாக ஒரு சோதனை அந்நகரிலேயே நடந்தது. அது விக்ரம் நடத்தியது அன்று. அவருடைய தமையனார் கௌதம் சாராபாய் தலைவராக இருந்த காலிகோ ஆலையில் நடந்தது. ஆயினும் விக்ரம் வளர்ந்த காற்று எத்தகையது என்பதை அது நன்கு காட்டும். குழுவேலை பற்றிப் படிப்போர் உலகெங்கும் இன்றும் அதனை எடுத்துக் கூறுகின்றனர்.

1952இல் காலிகோவின் ஓர் ஆலையில் தானியங்கித் தறிகள் வந்தன. புதுத் தறி, நல்ல தறி. எனினும் எதிர்பார்த்த அளவும் வரவில்லை, துணியில் பழுதும் குறையவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவர் 1953இல் வந்து பார்த்தார். ஒரு கூடத்தில் 224 தறிகள்; தொழிலாளர் 29 பேர். அவர்களுக்குள் பன்னிரண்டு வகை வேலைகள். நெய்பவர், ஊடைக் கண்டு நிரப்புபவர், அறுந்த பாவு இழைகளை முடிபவர், மேஸ்திரி, எண்ணெய் இடுபவர், துணி சுமப்பவர், கூட்டுபவர் எனப் பலர். இவர்கள் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டிய தறிகளின் எண்ணிக்கை வேறு வேறு. ஆதலால் ஒரு நெசவாளர் இன்று யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார் என்று கேட்டால் தெளிவாகப் பதில் சொல்ல இயலாது. அவருக்கு வேண்டிய ஊடைக் கண்டு நிரப்புபவர் அதே நேரத்தில் வேறொரு நெசவாளருக்கும் உரியவர். தறி நின்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். எவர் மீதும் தவறில்லை. எவருக்கும் முழுப் பொறுப்பும் இல்லை.

ரைஸ் கூறிய மாற்று வழி எளியது. குறிப்பிட்ட தறிகளை ஒரு சிறு குழுவிடம் முழுமையாக ஒப்படைத்துவிடுங்கள். அத்தறிகளில் நடக்கும் அனைத்துக்கும் அக்குழுவே பொறுப்பு என்றார். ஒரு குழுவுக்கு 64 தறிகள், ஏழு பேர் என்று அமைந்தது. இதில் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. திட்டத்தை மேலதிகாரிகள் வகுத்துத் திணிக்கும் முன்பே தொழிலாளர்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். யாரோடு யார் சேர்வது என்பதையும் தம்முள் பேசித் தாமே முடிவு செய்தனர். தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது. பின்னர் விளைவு உயர்ந்தது, பழுதும் குறைந்தது. தறிகள் அதே தறிகள். மனிதர்களும் அதே மனிதர்கள். மாறியது ஒன்றே: துண்டு வேலை போய் முழு வேலை கைக்கு வந்தது.

1961இல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் தோன்றியபோது அதன் மதிப்பியல் இயக்குநராகப் பொறுப்பேற்றவரும் விக்ரம் சாராபாயே. அங்கும் கமலா சௌத்ரி அவருக்குத் துணை நின்றார்.

தும்பாவில் திரண்ட இளைஞர்கள்

1962இல் விண்வெளி ஆராய்ச்சிக்கெனத் தேசியக் குழு ஒன்றை இந்திய அரசு அமைத்தது. சாராபாய் அதன் தலைவரானார். ராக்கெட் ஏவுவதற்குப் புவிக்காந்த நடுக்கோட்டை ஒட்டிய இடம் வேண்டியிருந்தது. திருவனந்தபுரத்திற்கு அருகே தும்பா என்னும் மீனவர் சிற்றூர் பொருத்தமாக அமைந்தது. அங்கே புனித மரிய மதலேனாள் தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஞாயிறு வழிபாட்டில் தம் மக்களிடம் எடுத்துச் சொல்லி இசைவு பெற்றார் என்பதை அப்துல் கலாம் பலமுறை நன்றியோடு கூறியிருக்கிறார். தங்கள் வீட்டையும் வழிபாட்டு இடத்தையும் விட்டுக்கொடுத்த அம்மீனவ மக்களும் இக்குழுவின் உறுப்பினர்களே என்று நான் கருதுகிறேன். பட்டியலில் பெயரில்லாத உறுப்பினர்கள் எந்தக் குழுவிலும் உண்டு.

தேவாலயம் பணிக்கூடமாயிற்று. ஆயர் இல்லம் அலுவலகமாயிற்று. சாராபாய் தேர்ந்தெடுத்த இளம் பொறியாளர் சிலர் அமெரிக்காவில் நாசா நிறுவனத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினர். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமும், ஆர். ஆராவமுதனும் அவர்களுள் இருவர். இருவருமே சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றவர்கள். திருவனந்தபுரத்தில் தங்கி, ரயில் நிலைய உணவகத்தில் சாப்பிட்டு, பஸ் ஏறித் தும்பாவுக்கு வந்து வேலை செய்தனர். ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் வந்த காட்சியைப் புகைப்படமாக நாம் பார்த்திருக்கிறோம்.

1963 நவம்பர் 21. மாலை நேரம். அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி ராக்கெட். பிரான்சு தந்த சோடியம் ஆவிக் கருவி. சோவியத் நாட்டின் துணையும் உண்டு. பனிப்போர்க் காலத்தில் எதிரெதிர் நின்ற நாடுகளை ஒரு தென்னந்தோப்பில் ஒன்றாக நிறுத்தியது சாராபாயின் நயத்தக்க பண்பு. ஏவும் நேரம் நெருங்கியபோது ராக்கெட்டைத் தூக்கும் பாரந்தூக்கியில் எண்ணெய் கசிந்து, அது சாயத் தொடங்கியது. பழுது பார்க்க நேரமில்லை. அங்கிருந்தவர்கள் எல்லாரும் தோள் கொடுத்துக் கைகளாலேயே ராக்கெட்டைத் தூக்கி ஏவுதளத்தில் பொருத்தினர். பொறியாளர் யார், உதவியாளர் யார் என்ற கணக்கு அந்த நேரத்தில் இல்லை. சிறிது நேரத்தில் ராக்கெட் புறப்பட்டது. அந்தி வானில் பரவிய செம்மஞ்சள் மேகத்தை ஊரெல்லாம் கண்டு வியந்தது.

குழுக்கள் வளரும் விதத்தைப் பற்றி 1965இல் புரூஸ் டக்மன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். வணிகவியல் துறை நண்பர்கள் அதனை அறிவர். முதலில் கூடல், அடுத்து மோதல், பின்னர் இணக்கம், இறுதியில் செயல் என நான்கு படிகள். இரண்டாம் படியைக் கண்டு அஞ்சி ஓடும் குழு நான்காம் படிக்கு வருவதில்லை. தும்பாவில் பாரந்தூக்கிக்குப் பதில் தோள் கொடுத்த அந்த மாலை, கூடலின் மகிழ்ச்சி. கடினமான படிகள் இனிமேல்தான் வரவிருந்தன.

பொத்தானை அழுத்திய இரவு

1967 நவம்பரில் ரோகிணி 75 என்னும் சிறு ராக்கெட் தும்பாவிலிருந்து பறந்தது. இது நாமே செய்தது. 75 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அச்சிறு குழாயை வைத்துக்கொண்டு, செயற்கைக்கோளைச் சுமந்து செல்லும் பெரிய ஏவூர்தியைச் சாராபாய் கனவு கண்டார். 1969 ஆகஸ்டு 15இல் இஸ்ரோ நிறுவனம் பிறந்தது. பல சிறு குழுக்கள் பல மூலைகளில் வேலை செய்தன. ஒன்று எரிபொருளைச் செய்தது. ஒன்று மின்சுற்றுகளைச் செய்தது. ஒன்று உலோகக் கூட்டைச் செய்தது.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை அப்துல் கலாம் தம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் விவரிக்கிறார். ராக்கெட்டின் மூக்குக்கூம்பைப் பிரித்து எறியும் அமைப்பைச் சாராபாய்க்குச் செய்துகாட்ட ஏற்பாடு. நேரங்காட்டிச் சுற்று வழியாக அதனை இயக்குமாறு கேட்டுக்கொண்டனர். சாராபாய் புன்னகையுடன் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் திகைத்தனர். சுற்றைச் செய்த இளைஞரின் முகத்தை நாம் கற்பனை செய்துகொள்ளலாம். பின்னர் அச்சுற்றை விலக்கி, நேரடியாக இணைத்துக் காட்டினர். மறுபடி அழுத்தினார், கூம்பு பிரிந்து பறந்தது. சாராபாய் பாராட்டினார். ஆனால் அவர் எண்ணம் வேறெங்கோ இருந்தது.

அன்று மாலை கலாமுக்குக் கோவளம் விடுதிக்கு வருமாறு அழைப்பு வந்தது. கண்டனம் காத்திருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பர். சாராபாய் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தவறு எங்கே நேர்ந்தது என்பதையே துருவித் துருவி ஆராய்ந்தார். வேலையில் ஆர்வம் குறைந்துவிட்டதா? கடினமான பணி போதவில்லையா? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு விலக்கிய பின் காரணம் கிடைத்தது. மின்சுற்று ஓரிடத்தில், எந்திரப் பாகம் வேறோரிடத்தில், வெவ்வேறு நேரங்களில் இணைக்கப்பட்டு வந்தன. இரண்டையும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்துப் பார்ப்பவர் எவரும் இல்லை. அந்த இரவு முடிவதற்குள் ராக்கெட் பொறியியலுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை அமைக்க முடிவாயிற்று.

காலிகோ ஆலையின் தறிக்கூடத்தை இங்கே நினைவுகூர்க. அங்கும் எந்தத் தொழிலாளி மீதும் தவறில்லை. தவறு வேலையைத் துண்டு போட்ட முறையில் இருந்தது. தும்பாவிலும் அதே நோய்தான். பொத்தான் வேலை செய்யாதபோது அதனைச் செய்த கையைத் தேடுவது எளிது. கைக்கும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தேடுவதே தலைமை.

ஏவூர்தியின் நான்கு கட்டங்களைச் செய்யும் பொறுப்பை வசந்த் கோவாரிகர், எம். ஆர். குரூப், முத்துநாயகம், அப்துல் கலாம் ஆகிய நால்வரிடம் சாராபாய் பகிர்ந்தளித்தார். அவர்கள் முன்பு ஏவூர்தி செய்தவர்கள் அல்லர். இந்தியாவில் எவருமே செய்ததில்லை. இவன் இதனை முடிப்பான் என்று ஆராய்ந்து தெளிந்தபின் அவனிடமே விட்டுவிட வேண்டும் என்பதை வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தில் வைத்துள்ளார். ஆராய்வது பலராலும் இயலும், விட்டுவிடுவதுதான் அரிது. சாராபாய்க்கு அது இயன்றது.

தனக்கென ஒரு முட்டுக்கட்டை இல்லாதவர்

பெரியோர் வரலாற்றை எழுதும்போது குறையை மறைப்பது நன்றன்று. 1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் மாண்டார். அணுசக்திக் குழுவின் தலைமையும் அவ்வாண்டே சாராபாயின் தோளில் ஏறியது. பம்பாய், டில்லி, அகமதாபாத், திருவனந்தபுரம் என ஓயாத பயணம். பிறரிடம் வேலையை ஒப்படைக்கத் தெரிந்த அவருக்கு, தம் தோள்மீது ஏறிய பதவிகளை இறக்கி வைக்கத் தெரியவில்லை. பதவி வரிசையைப் பாராமல் எந்த இளைஞரோடும் நேரே பேசும் அவர் வழக்கம் இளைஞர்க்கு ஊக்கமாயிற்று. இடையிலிருந்தோர் சிலர்க்குக் கசப்பாகவும் இருந்திருக்கும். பல குழுக்களையும் இணைத்த நூல் அவர் ஒருவராகவே இருந்தார். அந்த நூல் அறுந்தால் என்ன ஆகும்?

1971 டிசம்பர் 30. ஏவூர்தித் திட்டத்தை ஆராயத் தும்பாவுக்கு வந்திருந்த சாராபாய், கோவளத்தில் காலமானார். வயது 52. டில்லியிலிருந்து அவரைச் சந்திக்க வந்திறங்கிய கலாமுக்குத் திருவனந்தபுரம் விமான நிலையத்திலேயே அச்செய்தி காத்திருந்தது.

டக்மன் பின்னர் 1977இல் ஐந்தாவது படி ஒன்றையும் சேர்த்தார். அது கலைதல். குழுவின் வேலை முடிந்து உறுப்பினர் பிரிவதை அது குறிக்கும். தும்பாக் குழுவுக்கு அந்தப் படி, வேலை பாதியில் இருக்கும்போதே வந்துவிடுமோ என்று பலரும் அஞ்சியிருப்பர். ஆனால் குழு கலையவில்லை.

1972இல் பேராசிரியர் சதீஷ் தவான் பொறுப்பேற்றார். சாராபாய் நட்ட மரத்துக்கு வேலியும் வரப்பும் அமைத்தவர் அவர். ஒவ்வொரு திட்டத்துக்கும் பொறுப்பான இயக்குநர், ஆய்வுக் கூட்டங்கள், தெளிவான நிருவாக முறை என ஒழுங்கு வந்தது. சாராபாயிடம் ஆராய்ச்சி பயின்ற யு. ஆர். ராவ் தலைமையிலான குழு செய்த ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19இல் விண்ணில் ஏறியது. சிற்றூர் மக்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி தர வேண்டும் என்ற சாராபாயின் கனவு, 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களின் தொலைக்காட்சிப் பெட்டிகளில் நனவாயிற்று.

1979 ஆகஸ்டு 10இல் எஸ்.எல்.வி-3 ஏவூர்தி புறப்பட்டுக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர் முன் தவான் தாமே நின்று பொறுப்பேற்றார். மறு ஆண்டு ஜூலை 18இல் அதே குழு வென்றது. அப்போது பத்திரிகையாளர்களிடம் பேசுமாறு திட்ட இயக்குநர் கலாமை அனுப்பினார். கோவளத்தில் அந்த இரவு குற்றம் சொல்லாமல் காரணம் தேடினாரே சாராபாய், அந்தப் பண்பு அவர் மறைந்த பின்னும் அந்நிறுவனத்தில் வாழ்ந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? 2023 ஆகஸ்டு 23இல் நிலவின் தென்முனைப் பகுதியருகே இறங்கிய சந்திரயான்-3 கலத்திற்கு விக்ரம் என்று பெயரிட்டது பொருத்தமே. அத்திட்டத்தின் இயக்குநர் நம் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் என்பது நமக்கெல்லாம் பெருமை.

நாம் கொள்ள வேண்டியது

மாணவ நண்பர்களே! சாராபாய் வாழ்விலிருந்து நான் கற்றவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். நாலு பேரைச் சேர்ப்பதால் குழு ஆகாது. முழு வேலையையும் நம்பி ஒப்படைத்தால்தான் ஆகும். கருத்து மோதினால் குழு உடையாது. குற்றவாளியைத் தேடத் தொடங்கினால்தான் உடையும். தலைவன் இருக்கும்போது நடக்கும் வேலை தலைவனின் திறமை; அவன் இல்லாதபோதும் நடக்கும் வேலையே குழுவின் திறமை.

அந்தக் காய்ச்சல் நாளுக்குப் பின் எங்கள் செய்முறைக் குழுவில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். வாரம் ஒருவர் கருவியைத் தொடுவது. மற்ற மூவர் அருகிருந்து பார்ப்பது. முதல் மாதம் எங்கள் அளவுகள் பிழைமயம். விரிவுரையாளரிடம் கண்டிப்பும் பெற்றோம். நன்கு தெரிந்த அந்த நண்பருக்கோ, எங்கள் கை தடுமாறும்போது வாங்கிச் செய்துவிட வேண்டும் என்று துடிப்பாக இருக்கும். கைகளைக் கட்டிக்கொண்டு பொறுத்து நின்றார். இப்பொழுது நால்வரில் எவர் வராவிட்டாலும் வேலை நடக்கிறது. எங்கள் நால்வரில் அதிகம் கற்றவர் அந்த நண்பர்தாம் என்று நான் நினைக்கிறேன். கருவியை இயக்க அவர் முன்பே அறிந்திருந்தார். பிறரிடம் விட்டுக்கொடுக்க இப்போது கற்றார்.

ஆய்வுக்கூடமானாலும், நாட்டு நலப்பணித் திட்ட முகாமானாலும், நாளை நாம் சேரப்போகும் அலுவலகமோ ஆலையோ பள்ளியோ ஆனாலும் தேர் ஒன்றுதான். வடம் பிடிப்போம், முட்டுக்கட்டையும் போடுவோம், நமக்கு அடுத்து வருபவர் கையிலும் வடத்தைக் கொடுப்போம்.